நீதவான் இல்லாத படம்

மகள்,

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பிறந்தநாள் அட்டையில்கூட அம்மா எழுதியதற்குக் கீழே 'அப்பா' என்று மட்டும் போட்டுவிட்டு, என் வேலை முடிந்தது என்று எழும்புகிறவன். இப்போது மெல்பேண், ஸ்பிரிங்வேல் வீட்டுக் கராஜில், ஹீற்றரைக் காலடியில் வைத்துக்கொண்டு, தூரிகை பிடிக்கிற கையால் பேனையைப் பிடித்திருக்கிறேன். போனில் சொல்லத்தான் முதலில் பார்த்தேன். ஆனால் நீ சிட்னிக்கு வேலைக்குப் போனதிலிருந்து உன்னோடு தனியாகப் பேசக் கிடைப்பதில்லை. நான் எடுக்கிற நேரமெல்லாம் நீ றொஷானின் காரில் இருக்கிறாய், போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. "எப்பிடிப் பிள்ளை இருக்கிறாய்?" என்று நான் கேட்க, "நல்லா இருக்கிறம் அங்கிள்" என்று அவருடைய குரல் வருகிறது. மாப்பிள்ளை கலகலப்பான பிள்ளை என்று அம்மாவுக்குப் புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. எனக்கு அந்தச் சந்தோசம் வரவில்லை. அதனால் உன் ஆஸ்பத்திரி மருந்தகத்து விலாசத்துக்கு இதை அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசையில் உங்கள் கலியாண அறிவித்தலை, இரண்டாம் ஓலையை, வாசித்தார்கள். முதலாம் ஓலை வாசித்த அன்று நான் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு முன் வரிசை வாங்கில் இருந்தேன். பங்குச் சுவாமி உன் பேரையும் என் பேரையும் சொன்னபோது தலையை ஒரு பக்கமும் திருப்பாமல், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டு பெருமையாக இருந்தேன். இரண்டாம் ஓலைக்குப் கடைசி வரிசை வாங்குக்குப் போய்விட்டேன். "இவர்களது திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சுவாமி ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, அடுத்ததாகக் கார் தரிப்பிடத்தில் குப்பை போட வேண்டாம் என்ற அறிவித்தலுக்குப் போய்விட்டார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருடைய ஓலையைக் கேட்டிருக்கிறேன். அந்த வசனம் ஒரு நாளும் என் காதில் நின்றதில்லை. அன்றைக்கு நின்றுவிட்டது. அவர்கள் கேட்கிற தடை வேறு என்பது எனக்குத் தெரியும். முதல் கலியாணம் இருக்கிறதா, நெருங்கின இரத்த உறவா, அப்படியானவை. எனக்குத் தெரிந்த தடைக்கு ஓலையில் இடமில்லை. அது ஒரு படத்தைப் பற்றியது.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஆரும் கேட்டால் நான் இன்னும் மழுப்பிக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் முதுகு போன பிறகு, மன்னாரில் கடைப் பலகை எழுதின கை சும்மா இருக்க வேண்டாம் என்று ஹெலனின் படச்சட்டக் கடைக்கு வரையத் தொடங்கினேன். இருநூறு வருசத்துக்கு முந்தின இங்கிலாந்துக் கேலிப் படங்களைக் கையால் திரும்ப வரைந்து, வர்ணம் பூசிக் கொடுப்பது. ஊதிப்போன ராசாக்கள், மூக்குச் சிவந்த மந்திரிமார், நோயாளியை விட்டுவிட்டுப் பணப்பையின் நாடி பிடிக்கிற வைத்தியர்கள். எங்களை ஆண்ட வெள்ளைக்காரன் தன் ராசாவை இப்படி நாறடித்திருக்கிறானே என்று ஆரம்பத்தில் எனக்கு நம்ப முடியவில்லை. இப்போது அந்த ராசாக்களின் தொந்தி வளைவு என் சொந்த அண்ணன்மாரின் தொந்தியைவிட எனக்குப் பழக்கம். வழக்கறிஞர்கள், பப் வைத்திருக்கிறவர்கள், பல் வைத்தியர்கள் எல்லாரும் வாங்குகிறார்கள். தங்களைத்தான் நக்கலடிக்கிற படம் என்று சில பேருக்குத் தெரியும், சில பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

இந்த வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. பழைய படங்கள் பெரும்பாலும் அகலமானவை, இந்த நாட்டு வீட்டுச் சுவர்களோ ஒடுக்கம். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே தொங்கவிட நெடுப்பான படம்தான் கேட்பார்கள். அப்போது படத்தில் எதையாவது விடவேண்டும். ஆகவே வருகிற ஆளிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி, "எதை விடலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலைக் கேட்டால் ஆள் எப்படிப்பட்டவர் என்று பாதி விளங்கிவிடும். ஒரு வழக்கறிஞர், கட்சிக்காரனை விட்டுவிட்டு இரண்டு வக்கீல்களையும் பெரிதாகப் போடு என்றார். ஒரு வைத்தியர் பின்னால் இருக்கிற சவப்பெட்டியை எடுக்கச் சொன்னார். ஒரு மனுசி மட்டும், ஒன்றையும் விடவேண்டாம், நான் சுவரை மாற்றுகிறேன் என்றா. அவவுக்கு நான் ஒரு கிழமை கூடச் செலவழித்துச் செய்து கொடுத்தேன். நீ அப்போது பள்ளிக்கூடத்தால் வந்து கராஜுக்குள் இருந்து படிப்பாய். ஒவ்வொரு படத்தையும் எட்டிப் பார்த்து, "அப்பா, இதில ஆர் பாவம்?" என்று கேட்பாய். சிரிப்பு வரும் முன்னே உனக்கு அந்தக் கேள்வி வந்துவிடும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

உயிர்த்த ஞாயிறுக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்தபோது, நீயும் அம்மாவும் குசினியில் நிற்க, றொஷான் கராஜுக்கு வந்தார். புது வீட்டு நடைச் சுவருக்கு ஒரு படம் வேண்டும் என்றார். எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. மருமகன் வீட்டுச் சுவரில் என் கைவேலை! மாதிரிப் படங்களைப் புரட்டிக்கொண்டு போனவர் ஒரு படத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். நீ கண்ட படம்தான். சந்தைக்கடை போட்ட மாதிரி ஒரு நீதவான் தலையில் பெரிய பொய்முடியோடு குந்தியிருக்கிறார். முன்னால் கட்டுக்கட்டாகக் கம்புகள். பெருவிரல் மொத்தத்துக்கு, அதன் தடிப்புக்கு, மேலே போகாத கம்பென்றால் புருசன் பெண்சாதியை அடிக்கலாம் என்று ஒரு நீதவான் தீர்ப்புச் சொன்னதாக அந்தக் காலத்து லண்டனில் ஒரு கதை பரவி, ஊரே அந்த நீதவானைக் காறித் துப்பியிருக்கிறது. அதைத்தான் ஓவியன் வரைந்திருக்கிறான். நீதவான் வரிசையில் நிற்கிற புருசன்மாரின் விரலை நாடா பிடித்து அளக்கிறார். வலது பக்கத்தில் கம்பை வாங்கிக்கொண்ட ஒருவன் ஓங்கிக்கொண்டு ஓடுகிறான். அவனுக்கு முன்னால் ஒரு பெண் ஒற்றைச் சப்பாத்தோடு ஓடுகிறாள்.

"இது அகலம் கூடத் தம்பி. உங்கட சுவருக்கு எண்டால் எதை விடலாம்?" என்று கேட்டேன்.

"நீதவானை விடுங்கோ அங்கிள்" என்றார். யோசிக்கவே இல்லை.

"அவரை விட்டால் படத்தில பகிடி ஒண்டும் இருக்காதே, ஆரைப் பாத்துச் சிரிக்கிறது?"

"ஏன் அங்கிள், இவன் கம்போட கலைக்கிறான், அவள் ஓடுறாள். அதுதானே பகிடி." பிறகு தன் பெருவிரலைப் படத்துக் கம்பின்மேல் வைத்துப் பார்த்தார். "என்ரை விரல் இதைவிட மொத்தம்" என்று என் தோளில் தட்டிச் சிரித்தார். "அவளுக்கு எங்கட ஆளின்ர மாதிரிச் சுருட்டை முடி வைச்சு விடுங்கோ. சும்மா, பகிடிக்கு."

நானும் சிரித்தேன். அதை உனக்கு மறைக்கப் போவதில்லை. மாப்பிள்ளை முதன்முதலாகத் தோளில் தட்டியிருக்கிறார், ஆம்பிளைக்கு ஆம்பிளை என்று ஒரு கதை சொல்லியிருக்கிறார், வாய் தானாகச் சிரித்துவிட்டது. அவர் போன பிறகு அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். நீதவானைக் கையால் மறைத்துப் பார்த்தேன். மீதிப் படத்தில் கேலி செய்ய ஒருவரும் இல்லை. ஒருவன் கம்போடு துரத்துகிறான், ஒருத்தி ஓடுகிறாள், அவ்வளவுதான். இந்தப் படங்களை வரைந்தவர்கள் ஆரைப் பார்த்து நாங்கள் சிரிக்கவேண்டும் என்று திட்டம் போட்டுத்தான் வரைந்திருக்கிறார்கள். அதை மாற்றிச் சிரிக்கிற ஆளை நான் இத்தனை வருசத்தில் கண்டதில்லை. விளங்காமல் சிரிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். றொஷானுக்கு நல்லாக விளங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் 'பகிடி' என்ற சொல்லை நான் கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் பகிடி என்றால் உன்னைத்தான் சொல்லவேண்டும். பங்குச் சுவாமி இருமிக்கொண்டு பிரசங்கம் வைப்பதை, அம்மா போனில் ஒரு குரலும் நேரில் ஒரு குரலுமாகக் கதைப்பதை, நான் முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பதை நீ செய்து காட்டினால் அழுத கண்ணும் சிரிக்கும். இப்போது உன் வாயில் அந்தச் சொல் வேறு மாதிரி வருகிறது. வியட்நாம் கடையில் சூப் சாப்பிடப் போனபோது, "அவவுக்குச் சின்னக் கோப்பை போதும், கலியாண உடுப்புக்குள்ள போகவேணும்" என்று றொஷான் பரிமாறுகிற பிள்ளையிடம் சொன்னார். நான் முகத்தைச் சுளிக்க, "பகிடிக்குச் சொன்னவர் அப்பா" என்றாய். உன் சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போகமுடியாமல் கார்த் திறப்பு காணாமல் போனது. அடுத்த நாள் அந்தச் சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. "பகிடிக்கு ஒளிச்சு வைச்சவர்" என்றாய். வேலை உயர்வுக்கு எழுத இருந்த சோதினையை நீ எழுதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு வீட்டில ரெண்டு பொஸ் கூடாதாம் எண்டு பகிடியாச் சொன்னவர், நானாத்தான் விட்டனான்" என்றாய். நீ என்ன சொல்லிக்கொண்டு வருகிறாய் என்று உனக்கே கேட்கிறதா, பிள்ளை? எல்லாப் பகிடியும் முடிகிறபோது உன்னிடம் இருந்த ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது. அவரிடமிருந்து ஒரு தூசுகூடக் குறையவில்லை.

அவர் கேட்ட மாதிரி அந்தப் படத்தை வரைய நான் இருந்து பார்த்தேன். தொழிலில் கேட்டதைச் செய்து கொடுக்கிறதுதான் முறை, நான் ஒன்றும் நியாயம் பேச வந்த ஆள் இல்லை. மையில் கோடு போட்டு, அந்தப் பெண்ணின் தலைக்கு வந்தபோது கை உன் சுருட்டை முடியைப் போட மாட்டேன் என்றது. தாளைக் கிழித்தேன். பிறகு முழுப் படத்தையும் அளவைச் சுருக்கி, நீதவான், வரிசை, கம்புக் கட்டு, ஒன்றும் விடாமல் வரைந்து, நீதவானுக்கு நல்ல இரத்தச் சிவப்பில் அங்கி பூசி, ஹெலனின் கடையில் பாரமான கறுப்புச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். எனக்கும் இந்த வயதில் ஒரு குசும்பு. மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "அங்கிள் என்னை மடக்கிப் போட்டார்" என்று சிரித்தால், என் சந்தேகம் முழுவதையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் ஆசைப்பட்டேன்.

போன மாதம் கலியாணச் சேலை எடுக்க வந்தபோது அவர் அதைப் பிரித்தார். நீ பக்கத்துக் கதிரையில் இருந்தாய். அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. "உன்ர அப்பாவுக்கு நான் சொன்னது கேக்கேல்லைப் போல" என்றார். நீ சிரித்தாய். ஆனால் நீ எப்போது சிரித்தாய் என்று நான் கண்டேன், மகள். முகங்களைப் பார்த்து வரைகிறதுதான் என் பிழைப்பு. நீ முதலில் அவருடைய முகத்தைப் பார்த்தாய். சிரிக்கலாமா கூடாதா என்று அதில் தேடினாய். பிறகு சிரித்தாய். அந்த இடைவெளியில் உன் வாயும் கண்ணும் இருந்த மாதிரியை நான் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன், ராசா மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற வேலைக்காரர்களுக்கு.

"கொண்டுபோய்க் காரில வை" என்றார். அவர் எழும்பவில்லை. அம்மா பற்றிஸ் பலகாரத் தட்டோடு வந்து, இன்னும் இரண்டு எடுங்கோ தம்பி என்று அவரை உபசரித்தாள். நீ அந்தப் பாரமான சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போக நான் பின்னால் வந்தேன். காரின் பின் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "அப்பா, இனி அவரிட்ட கேக்காமல் ஒண்டும் மாத்தாதேங்கோ. ப்ளீஸ் அப்பா."

"ஏன், கோவிப்பாரோ?"

"இல்லை, இல்லை. உங்களோட கோவிக்க மாட்டார். எனக்குத்தான் பிறகு..."

கதவு திறந்தது. நீ உடனே குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாய். மெல்பேண் குளிர், சிட்னிக் குளிர், எது கூட என்று. நான் அங்கேயே நின்றேன். அந்த 'எனக்குத்தான் பிறகு' என்பதற்குப் பிறகு என்ன வரும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன போட்டு முடித்தாலும் அந்த வசனம் நல்லதாக முடிகிறதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னோடு சண்டைக்கு வந்தாள். "ஒரு படத்தை வைச்சுப் படிச்ச பிள்ளையைக் குறை சொல்லுறியளே, உங்களுக்கென்ன விசரா? கலியாணத்துக்கு முதல் எந்த ஆம்பிளைதான் பகிடி விடேல்லை?" என்றாள். மண்டபம் சொல்லியாகிவிட்டது, கனடாவில் இருந்து சித்தியாட்கள் ரிக்கற் போட்டுவிட்டார்கள், மன்னாரில் இருந்து விசாவுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அடுக்கினாள். எல்லாம் உண்மை. அவளும் கெட்டவள் இல்லை, பயந்தவள். சனம் என்ன சொல்லும் என்பது அவளுடைய பயம். சனம் சொல்கிறதை நான் தாங்குவேன். மண்டபத்தில் சித்தியாட்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், நான் பரிமாறுகிறேன். நீ கலியாணம் முடித்துச் சிட்னியில் அந்த வீட்டுக்குள் போய், அந்த நடைக்குள்ளால் தினம் போய் வருகிறதைத்தான் என்னால் தாங்கமுடியாது.

அவர் உன்னை அடிப்பார் என்று நான் எழுதவில்லை. எனக்கு அது தெரியாது. நான் பிழையாகவும் இருக்கலாம், முதுகு போய்க் கராஜுக்குள் பழைய படங்களோடு இருக்கிற மனிசனுக்கு எதிலும் பேய் தெரியும் என்று உன் அம்மா சொல்கிறது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீ பயப்படுகிறாய். அது எனக்குத் தெரியும். சுவாமியிடம் நானாகப் போய் ஒன்றும் சொல்லமாட்டேன். இது உன் கலியாணம், வாய் திறக்கவேண்டியது நீ. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்கு முதல் நீ ஒரு சொல் சொன்னால் நான் போவேன், ஏன் எதற்கு என்று உன்னைக் குடைய மாட்டேன். உன் அறை உன் அறையாகவே இருக்கிறது, அம்மா தையல் மெசினைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள், அதைத் தூக்கி வெளியே வைக்க எனக்கு முதுகு இடம் கொடுக்கும்.

இவ்வளவும் வீட்டில் எழுதியது. மீதியைக் காருக்குள் இருந்து எழுதுகிறேன், கோடு கோணலாக இருந்தால் குறை நினைக்காதே. தபால் பெட்டி வரைக்கும் போனேன், போட மனம் வரவில்லை. மகளின் வீட்டுக்குத் திடீரென்று போகிற அளவுக்கு என்ன தலைபோகிற அவசரம் என்று அம்மா கத்தினாள். பிறகு அவளே தேத்தண்ணிப் போத்தலை நிரப்பித் தந்தாள். சிட்னிக்கு வருகிற வழியில், கல்பேர்னில், காரை நிறுத்தி நித்திரை கொண்டேன்.

றொஷானுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இன்று பின்னேரம் உன்னை ஏற்ற வரும்போது இந்தத் தாள்களைக் கண்டால், "என்னவாம் அங்கிள், கதை எழுதத் தொடங்கிட்டாரோ?" என்று கேட்பார். அவருக்கு என்ன சொல்லப் போகிறாய்? இதில் உள்ளதை உள்ளபடி வாசித்துச் சொல்லு. அவர் கேட்டுவிட்டு என்மேல் கோபப்பட்டு, வந்து என் முகத்துக்கு நேரே ஏசினாரென்றால், அந்த ஏச்சை நான் ஆசையோடு வாங்குவேன். அவருடைய காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டு, உன் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் இதை வாசித்துக்கொண்டு வரும்போதே, அப்பா கலியாணப் புத்திமதி எழுதியிருக்கிறார், சாப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று அவருக்குச் சொல்ல ஒரு பொய்யை நீ ஏற்கெனவே தயார் பண்ணிவிட்டாய் என்றால், அந்தக் காரில் ஏறாதே, மகள். கடித உறையைப் பார், முத்திரை இல்லை. ஆஸ்பத்திரி வரவேற்பில் இருக்கிற பிள்ளையிடம் நானே கொடுக்கிறேன். உங்கள் கார் தரிப்பிடத்தில், பின்வாசல் பக்கமாக நிற்கிறேன். வேலை முடியட்டும் என்றும் பார்க்காதே, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி வா.

அப்பா